சமையல் கத்தி: எந்த அளவு வாங்கலாம்?

புதுக் கத்தி வாங்கிய கிழமையிலேயே விரலை வெட்டிக்கொண்டு வரும் எம்மவரைச் சோஹாரில் நாம் அடிக்கடி காண்கிறோம். கூர் மட்டும் காரணமல்ல, அளவும்தான். அரிவாள்மனையில் அலகு அசையாது, காய்தான் நகரும். நம் கை பழகியது அதற்கே. நீண்ட கத்தியின் நுனி எங்கே போகிறதென்று நாம் பார்ப்பதில்லை.

ஜப்பானியக் கத்திகளில் வீட்டுக்கு ஏற்றது ‘சான்டோகு’. அலகு 16 முதல் 18 செ.மீ. வரை இருந்தால் மரக்கறிக்கும் எலும்பில்லாத இறைச்சிக்கும் போதும். 21 செ.மீ. ‘கியூட்டோ’ அழகுதான், வெட்டுப்பலகை அதைவிட நீளமில்லையென்றால் வேண்டாம். பழம் உரிக்க 12 செ.மீ. அளவில் ஒரு சிறு கத்தி. அதன் பெயர் ‘பெட்டி’, சிரிக்காதீர்கள்!

அறுக்குளா (வஞ்சிரம்) மீனின் தலையையும் முள்ளையும் இவற்றால் வெட்டாதீர்கள். மெல்லிய, கடினமான அலகு. விளிம்பு உடைந்து கறிக்குள் போகும். சந்தையிலேயே துண்டு போடுவித்து வாருங்கள்.

வெட்டுப்பட்டால் ஓடும் நீரில் கழுவி, சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். மஞ்சளும் கோப்பித்தூளும் வேண்டாம். விரல் மடங்காவிட்டால், நுனி மரத்திருந்தால், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். இரத்தம் நின்றுவிட்டதே என்று பத்து நாள் பொறுத்து வந்தார் ஒரு சகோதரி. தசைநாண் அறுந்திருந்தது. அந்த விரல் இன்றும் முழுதாக மடங்குவதில்லை.