செப்புக் குழாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்

பஞ்சபூதத் தலங்களில் திருவண்ணாமலை அக்னித் தலம். கத்திரி வெயில் தொடங்கியதும் அருணாசலேஸ்வரர் சன்னிதியில் தாராபிஷேகமும் தொடங்கிவிடும். மூலவருக்கு மேலே தொங்கும் பாத்திரத்தின் அடியில் ஒரு சிறு துளை. அதன் வழியே தண்ணீர் சொட்டுச் சொட்டாக லிங்கத்தின் மேல் விழுந்துகொண்டே இருக்கும். நெருப்பாக நிற்பவரைக் குளிர்விக்கும் வழிபாடு அது. அதே ஊரில், ஏதோ ஒரு வீட்டு மேசையில் கிடக்கும் பழைய லேப்டாப்புக்குள்ளும் ஒரு சொட்டுத் தண்ணீர் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. மின்சாரம் ஓடும் கருவிக்குள் தண்ணீரா என்று வியப்பு வரலாம். உண்மையில் அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் லேப்டாப் என்ற பொருளே இவ்வளவு மெல்லியதாக ஆகியிருக்காது.

தமிழ்நாட்டில் பல வீடுகளுக்குள் முதல் கணினியாக வந்தது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிதான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில், அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த லேப்டாப்கள் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களின் கைக்கு வந்தன. அந்த மாணவர்கள் இன்று வேலையில் இருக்கிறார்கள். சிலர் இ-சேவை மையமோ ஜெராக்ஸ் கடையோ வைத்திருப்பார்கள். "லேப்டாப் ரொம்ப ஸ்லோ, தொட்டா சுடுது, ஹேங் ஆகுது, பேசாம ஒரு ஆல்-இன்-ஒன் வாங்கிடலாமா?" என்ற கேள்வி இப்போது பல வீடுகளில் கேட்கிறது. வாங்கலாமா வேண்டாமா என்பதற்கான விடையில் பாதி வெப்ப இயற்பியலில் இருக்கிறது.

கணினி செலவழிக்கும் மின்சாரம் கடைசியில் எங்கே போகிறது? மின்விசிறிக்குள் போகும் மின்சாரம் இறக்கையைச் சுழற்றுகிறது. மோட்டாருக்குள் போகும் மின்சாரம் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. கணினியின் பிராசஸருக்குள் போகும் மின்சாரம் எதையும் தூக்குவதில்லை, நகர்த்துவதும் இல்லை. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் துளியளவு மின்னேற்றம் நிரம்பி வடிகிறது. அந்த ஆற்றல் அத்தனையும் வெப்பமாகிவிடுகிறது. 15 வாட் செலவழிக்கும் பிராசஸர், விரல்நகம் அளவு இடத்தில் 15 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது.

1971-ல் வந்த இன்டெல் 4004 சில்லில் இருந்தவை 2,300 டிரான்சிஸ்டர்கள். 2020-ல் வந்த ஆப்பிள் எம்1 சில்லில் இருந்தவை 1,600 கோடி. இந்தப் பயணத்தில் குறுக்கே நின்ற பெரிய சுவர் வெப்பம்தான். 2004-ல் பெண்டியம் 4 சில்லின் வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியது. அதற்கு 115 வாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருந்தது. அடுத்து வரவிருந்த 4 கிகாஹெர்ட்ஸ் பதிப்பை இன்டெல் அதே ஆண்டில் கைவிட்டது. அதன் பிறகு உலகம் வேறு வழியில் போனது. ஒரே மூளையை வெறிபிடித்தாற்போல் ஓட்டுவதற்குப் பதில், ஒரு சில்லுக்குள் இரண்டு, நான்கு, எட்டு மூளைகளை நிதானமாக ஓட்டுவது என்று முடிவானது. இன்றைய விளம்பரங்களில் வரும் 'கோர்' எண்ணிக்கைக்குக் காரணம் இதுதான்.

இனி அந்தத் தண்ணீருக்கு வருவோம். லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால் தட்டையான ஒரு செப்புக் குழாய் கண்ணில் படும். ஒரு முனை பிராசஸரின் மேல் அமர்ந்திருக்கும். மறுமுனை மெல்லிய உலோகத் தகடுகளின் வரிசையில் முடியும். அந்தத் தகடுகளின் அருகில் ஒரு சிறிய ஃபேன். பார்த்தால் கெட்டிச் செம்பு போலத் தோன்றும் அந்தக் குழாய் உள்ளே வெற்று. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மிகக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, இரு முனைகளையும் அடைத்திருப்பார்கள். காற்றழுத்தம் இல்லாததால் 100 டிகிரிக்கு வெகு முன்பே தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும். சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே மீண்டும் நீராகிறது. குழாயின் உட்சுவரில் செப்புத் தூளைப் பதித்து உண்டாக்கிய நுண்துளைப் படலம் இருக்கிறது. அது அந்த நீரை உறிஞ்சி மறுபடியும் சூடான முனைக்குக் கொண்டுவருகிறது. பம்ப் இல்லை, மின்சாரம் இல்லை, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. ஆண்டுக்கணக்கில் இந்தச் சுழற்சி நடக்கிறது.

இதன் பலம் தண்ணீரின் ஒரு குணத்தில் இருக்கிறது. ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 293 ஜூல் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க சுமார் 2,260 ஜூல் வேண்டும். ஏறத்தாழ எட்டு மடங்கு. அதனால் 15 வாட் வெப்பத்தைச் சுமக்க, இரண்டரை நிமிடத்துக்கு ஒரு கிராம் நீர் ஆவியானாலே போதும். ஒரு கிராமுக்கும் குறைவான நீர் திரும்பத் திரும்பச் சுற்றி வந்து இதைச் செய்துவிடுகிறது. 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இந்த வெப்பக் குழாயை உருவாக்கினார். விண்கலங்களுக்காக வளர்ந்த இந்த நுட்பம்தான் பின்னர் நம் மடியில் வந்து அமர்ந்தது.

குழாய் வெப்பத்தைக் கொண்டுபோய் விட்டாலும், கடைசியில் அதை வாங்கிக்கொள்ள வேண்டியது அறையின் காற்று. இங்கேதான் ஊரின் வெயில் கணக்கில் வருகிறது. வெப்பம் பாயும் வேகம் இரு பக்க வெப்பநிலைகளின் வித்தியாசத்தைப் பொறுத்தது. பெரும்பாலான லேப்டாப் பிராசஸர்கள் 100 டிகிரியை நெருங்கினால் தற்காப்புக்காகத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அறை 25 டிகிரியில் இருந்தால் வித்தியாசம் 75. கத்திரி வெயிலில் அறை 40 டிகிரிக்குப் போனால் வித்தியாசம் 60. அதாவது, அதே கருவியால் வெளியேற்ற முடிந்த வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. மார்கழியில் நன்றாக ஓடிய லேப்டாப் சித்திரையில் திணறுவது நம் கற்பனை அல்ல.

அந்தத் திணறலைப் பெருக்குவது தூசி. சில ஆண்டுகள் திறக்காத லேப்டாப்பை சர்வீஸ் கடையில் பிரிக்கும்போது கூட நின்று பாருங்கள். ஃபேனைத் தூக்கியதும், அதற்கும் உலோகத் தகடுகளுக்கும் இடையே சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை போன்ற படலம் தெரியும். நூலும் முடியும் தெருப்புழுதியும் சேர்ந்து இறுகியது அது. சாமணத்தால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் துணி போல முழுசாக உரிந்து வரும். இத்தனை நாள் காற்று வெளியேற வேண்டிய வாசலை அதுதான் அடைத்துக்கொண்டிருந்தது. அடுத்து, பிராசஸருக்கும் செப்புக்கும் இடையே தடவிய பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். வழவழப்பாகத் தெரியும் இரு பரப்புகளுக்கு நடுவிலும் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் உண்டு. அங்கே பேஸ்ட் போய்க் காற்று புகுந்தால் வெப்பம் தடைபடும். செம்போடு ஒப்பிட்டால் காற்று வெப்பத்தைக் கடத்தும் திறன் 15,000-ல் ஒரு பங்குதான்.

வெப்பம் ஒரு காரணம் என்றால், 'ஸ்லோ'வுக்கு இன்னொரு பெரிய காரணம் ஹார்ட் டிஸ்க். பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். வேண்டிய தகவல் இருக்கும் இடத்துக்குப் படிப்பு முனை நகர்ந்து, தட்டும் சுற்றி வந்து சேர சராசரியாக சுமார் 17 மில்லிநொடி ஆகும். நமக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கு அதற்குள் 5 கோடித் துடிப்புகள் கடந்துவிடும். ஒரு மென்பொருளைத் திறக்க இப்படி நூற்றுக்கணக்கான காத்திருப்புகள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் இல்லை. எலக்ட்ரான்களை நுண்ணிய அறைகளில் சிறைவைத்துத் தகவலைச் சேமிக்கும் அந்த நினைவகத்தில், கேட்டது 0.1 மில்லிநொடிக்குள் கிடைத்துவிடும். புதுக் கணினி வாங்கியவர்கள் "பட்டுனு திறக்குது" என்று மகிழ்வதில் பெரும்பங்கு புதுப் பிராசஸருக்கு உரியதல்ல, இந்த எஸ்.எஸ்.டி.க்கு உரியது.

அப்படியானால் ஆல்-இன்-ஒன்னின் சிறப்பு என்ன? திரையும் கணினியும் ஒரே உடலாக இருப்பது புதிய யோசனை அல்ல. 1977-ன் கமடோர் பெட், 1984-ன் மேக்கின்டாஷ், 1998-ன் ஐமேக் மூன்றுமே ஆல்-இன்-ஒன்தான். முதல் மேக்கின்டாஷில் ஃபேனே கிடையாது. சூடான காற்று தானாக மேலே ஏறி வெளியேறும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது அது. 2021-ல் வந்த ஐமேக்கின் தடிமன் 11.5 மில்லிமீட்டர். இவ்வளவு ஒல்லியான உடலுக்குள் மேசைக் கணினியின் 65 வாட் பிராசஸரை வைத்துக் குளிர்விப்பது கடினம். அதனால்தான் இன்று கடைகளில் விற்கும் பல ஆல்-இன்-ஒன்களுக்குள் லேப்டாப் வகைப் பிராசஸரும் லேப்டாப் வகை ரேமும் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது முக்கியம். பெயர் டெஸ்க்டாப் என்றாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் நிமிர்த்தி நிறுத்திய லேப்டாப்.

நிமிர்த்தி நிறுத்தியதிலேயே சில நன்மைகள் உண்டு. மெத்தை மேலோ மடி மேலோ வைத்து யாரும் அதன் காற்று வழியை அடைக்கப் போவதில்லை. சூடான காற்றுக்கு மேலே போக இடம் இருக்கிறது. 14 அங்குலத் திரையிலிருந்து 24 அங்குலத் திரைக்கு மாறினால் பரப்பளவு ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகிறது. நாளெல்லாம் தமிழ் டைப் செய்பவருக்கும், விண்ணப்பம் நிரப்பித் தருபவருக்கும், கண்பார்வை மங்கிவரும் பெரியவருக்கும் இது பெரிய வரம். திரை கண் மட்டத்துக்கு உயர்வதால் கழுத்தும் குனிய வேண்டியதில்லை.

ஆல்-இன்-ஒன்னில் பேட்டரி இல்லாததும் ஒரு விதத்தில் நல்லது. வெயில் ஊரில் எந்நேரமும் சார்ஜில் கிடக்கும் லித்தியம் பேட்டரி வேகமாகக் கெடும். முழு சார்ஜும் அதிக வெப்பமும் சேர்ந்தால் உள்ளிருக்கும் ரசாயனம் சிதைந்து வாயுவாகும், பேட்டரி உப்பும். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தால் அதுதான் அறிகுறி. உடனே பயன்பாட்டை நிறுத்திச் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் பேட்டரி இல்லாத ஆல்-இன்-ஒன்னுக்குக் கரண்ட் போனால் அந்த நொடியே உயிர் போகும். சாதாரண இன்வெர்ட்டர் மாறுவதற்குள்ளும் அணைந்துவிடக்கூடும். தனி யு.பி.எஸ். வேண்டும், அல்லது இன்வெர்ட்டரில் யு.பி.எஸ். மோட் சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுவைக்க வேண்டும். இன்னொரு குறையும் உண்டு. திரை பழுதானால் முழுக் கணினியையும் சர்வீஸுக்குத் தூக்க வேண்டும்.

பழையதைக் கைமாற்றும் முன் அதிலிருப்பதை அழிக்க வேண்டும். டெலீட் செய்தால் கோப்பு இருக்கும் இடத்தின் குறிப்புதான் போகும், கோப்பு அப்படியே இருக்கும். விண்டோஸ் ரீசெட் செய்யும்போது 'கிளீன் டேட்டா' என்ற தேர்வையும் சேர்த்துச் செய்ய வேண்டும். இந்த அழிப்பிலும் ஒரு ஆழமான இயற்பியல் இருக்கிறது. 1961-ல் ஐ.பி.எம். விஞ்ஞானி ரோல்ஃப் லாண்டவர் ஒன்றைக் கண்டுகொண்டார். எவ்வளவு திறமையாகச் செய்தாலும், ஒரு பிட் தகவலை அழித்தால் குறைந்தபட்ச அளவு வெப்பம் வெளியேறியே தீரும். ஒரு ஜூலைக் கோடி கோடி கோடியாகப் பிரித்தால் அதில் சுமார் 3 பங்கு. 2012-ல் பிரான்சின் லியோன் நகரில் நடந்த சோதனை இதை உறுதிசெய்தது. இன்றைய கணினிகள் அந்த எல்லையைவிட மிகப் பல மடங்கு அதிகம் செலவழிக்கின்றன. நம் பேரப்பிள்ளைகளின் கணினி இன்னும் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்க முடியும் என்பதற்கு இயற்கை கொடுத்திருக்கும் இடம் அது.

அழித்த பிறகு தூக்கி எறியலாமா? கூடாது. 2022-ல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டும். மீதியில் செம்பும் தங்கமும் இருப்பதுபோலவே ஈயமும் இருக்கிறது.

ஆகவே என் யோசனை இது. முதலில் பழைய லேப்டாப்பைத் திறந்து தூசி எடுத்து, புதுப் பேஸ்ட் தடவி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டுப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்காத கணினியில் லினக்ஸ் போடலாம். அரசு லேப்டாப்போடு வந்த பாஸ் லினக்ஸை மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கு அந்தப் பழைய லேப்டாப் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். பெரிய திரையும் நாளெல்லாம் வேலையும் தேவைப்படுபவர் தயங்காமல் ஆல்-இன்-ஒன் வாங்கலாம். வாங்கும்போது எஸ்.எஸ்.டி. இருக்கிறதா, ரேமைப் பின்னால் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை தூசி எடுங்கள். வெப்பம் வெளியேற வழிவிட்டால் எந்தக் கணினியும் உங்களுக்கு நெடுநாள் உழைக்கும்.