வாணவேடிக்கை போட்டோவுல வெறும் புகையா வருதா? இதை செஞ்சு பாருங்க!

சேலம்:

தீபாவளி ராத்திரி மொட்டை மாடியில நின்னு ஆசையா கேமராவை தட்டுறோம். கண்ணுக்கு தெரிஞ்ச கலர் பூ, படத்துல வெள்ளை புகையாவும் கோணல் கோடாவும் வந்து நிக்குது. கேமரா மேல குத்தம் இல்லை. ‘ஆட்டோ’வுல விட்டதுதான் குத்தம்.

இருட்டை பார்த்ததும் கேமரா தானா பிளாஷ் அடிக்கும். அந்த வெளிச்சம் வாணம் வரைக்கும் போகாது. பக்கத்துல இருக்குற புகையைத்தான் காட்டும். அதனால முதல் வேலை பிளாஷை ஆப் செய்வது.

ஆட்டம் கூடாது

வாணம் மேலே ஏறுவது முதல் விரிந்து விழுவது வரை ஒரே படத்தில் பதிய, ஷட்டர் 2 முதல் 4 வினாடி வரை திறந்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் கை ஆடாமல் இருக்காது. டிரைபாட் இல்லையா? ஒரு பையில மணலோ அரிசியோ போட்டு கைப்பிடி சுவர் மேல வைங்க. அதுல கேமராவை அழுத்தி உட்கார வைங்க. 2 வினாடி டைமர் போட்டா, பட்டனை அமுக்குற ஆட்டமும் இருக்காது.

எந்த நம்பர்?

ஐ.எஸ்.ஓ. 100. அப்பர்ச்சர் எப் 8 முதல் 11 வரை. தீப்பொறி ஓடிக்கொண்டே இருப்பதால், அதன் கோடு எவ்வளவு பளிச்சென்று விழும் என்பதை இந்த ரெண்டும்தான் முடிவு செய்யும். ஷட்டர் நேரத்தை கூட்டினால் வாணங்களின் எண்ணிக்கைதான் கூடும். போகஸை தூரத்து தெருவிளக்கில் வைத்து, மேனுவலுக்கு மாற்றி விடுங்கள். செல்போனில் ‘புரோ’ மோடு இருந்தால், ஐ.எஸ்.ஓ.வையும் ஷட்டரையும் அதிலேயே மாற்றலாம்.

ஒரு மணி நேரம்தான்

2018-ல் சுப்ரீம் கோர்ட்டு பட்டாசு வெடிக்க 2 மணி நேரம்தான் என்று சொன்னது. அதன்படி தமிழக அரசு காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் நேரம் ஒதுக்கியது. ராத்திரி கிடைப்பது அந்த 1 மணி நேரம்தான். எனவே முந்தின நாளே பழகிக்கோங்க. சேலம்-நாமக்கல் ரோட்டில் லாரிக்கா பஞ்சம்? ரோட்டை விட்டு தள்ளி நின்னு, இதே நம்பரில் எடுத்து பாருங்க. பின்பக்க விளக்கு சிவப்பு கோடா வந்தா நீங்க ரெடி!

சேலம் மூக்கனேரி, நாமக்கல் கமலாலயக்குளம் மாதிரி தண்ணி ஓரம் நின்னா, வாணம் தண்ணியிலும் சேர்ந்து விழும். காத்து முதுகு பக்கம் இருந்து வீசுற மாதிரி நில்லுங்க. புகை எதிர்ப்பக்கம் போயிடும்.

கிட்ட போகாதீங்க

2022 டிசம்பர் 31-ந் தேதி மோகனூரில் வீட்டில் வைத்திருந்த பட்டாசு வெடித்து 4 பேர் உயிரிழந்ததை நம்ம ஊரு மறக்கவில்லை. நல்ல படத்துக்காக பட்டாசு பக்கத்துல போய் குனியாதீங்க. தூரத்துல நின்னாத்தான் வாணம் முழுசா படத்துக்குள்ள அடங்கும். உசுருக்கும் அதுதான் நல்லது.