மூன்று ‘இல்லை’கள்!

வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை, சட்ட உரிமை இல்லை, தார்மீக உரிமையும் இல்லை! 2003 ஆகஸ்ட் 6 அன்று, ரங்கராஜன் வழக்கில் உச்சநீதிமன்றம் உரைத்த தீர்ப்பு இது, தோழர்களே!

பறிபோன ஓய்வூதியச் சலுகைகளுக்காக அந்த ஜூலையில் அரசு ஊழியரும் ஆசிரியரும் போராடினர். பாய்ந்தது டெஸ்மா; ஒன்றரை இலட்சம் பேருக்கு மேல் பணிநீக்கம்! மன்னிப்புக் கடிதம் தந்தோர்க்கே மீண்டும் நாற்காலி.

1962-இல், காமேஷ்வர் பிரசாத் வழக்கில், அமைதியாக ஆர்ப்பாட்டம் செய்ய ஊழியர்க்கு உரிமை உண்டென்றதும் இதே மன்றந்தான். சரி, புதுக்கோட்டைக் கலெக்டர் அலுவலக வாயிலில் குமாஸ்தா முழங்கட்டும். ஆள்வோர் செவிசாய்க்காவிட்டால்? குறைதீர்க்கச் சட்டத்தில் ஏற்பாடு உண்டு என்கிறது தீர்ப்பு. பேச மறுக்கும் அரசைப் பேச்சு மேசைக்கு இழுத்துவரும் ஏற்பாடு எது?

சட்டத்தை நீதிபதிகள் அளக்கலாம். அது அவர்கள் தொழில். தார்மீகத்தை எந்தப் படிக்கல்லால் நிறுத்தார்கள் என்று கேட்கிறோம்!