குழாய்ப் பெருக்கிகளில் எதிர்முழக்கம்

ஒலிமூலம் நின்ற பின்னரும், சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகளால் ஒலி சிறிது நேரம் நீடிப்பது எதிர்முழக்கம் ஆகும். வெற்றிடக் குழாய்க் கித்தார் பெருக்கிகளில் இவ்விளைவு சுருள்வில்களைக் கொண்டு செயற்கையாக உருவாக்கப்படுகிறது. இசைக்கலைஞர்கள் இதனை ரிவெர்ப் என்பர்.

வரலாறு

லாரன்சு ஹாமண்ட் தமது ஹாமண்ட் ஆர்கன்களுக்காகச் சுருள்வில் முறையை 1930களில் கையாண்டார். வீட்டு அறையில் தேவாலயத்தின் முழக்கம் கிடைக்காததே இதற்குக் காரணம். ஃபெண்டர் நிறுவனம் 1961 இல் ரிவெர்பைத் தனிப்பெட்டியாக வெளியிட்டது. 1963 இல் வந்த வைப்ரோவெர்ப், ரிவெர்பை உள்ளடக்கிய அதன் முதல் பெருக்கியாகும்.

செயற்பாடு

ஓர் உலோகப் பெட்டிக்குள் இரண்டு அல்லது மூன்று சுருள்வில்கள் தொங்குகின்றன. அவற்றின் முனைகளில் சிறு காந்தங்கள் உள்ளன. உள்ளீட்டுக் கம்பிச்சுருளில் பாயும் மின்னோட்டம் காந்தத்தை முறுக்குகிறது. அதிர்வு வில்லின் வழியே சென்று மறுமுனையில் மின்னழுத்தமாக மாறுகிறது. எஞ்சிய அதிர்வு முனைகளுக்கிடையே பலமுறை சென்று திரும்புவதால் ஒலி நீடிக்கிறது. வில்கள் ஒத்தவையாக இருப்பின் தனித்தனி எதிரொலிகளே கேட்கும். ஆகவே பரவலான ஒரு வகையில் தாமதங்கள் ஏறத்தாழ 33, 41 மில்லிநொடிகளாக வேறுபடுத்தப்பட்டுள்ளன.

வில்லை அசைக்க மின்திறன் தேவை. 1960களின் ஃபெண்டர் சுற்றுகளில் 12ஏடி7 குழாயின் இரு பாதிகளும் பக்க இணைப்பில் அமைந்து, சிறு மின்மாற்றி வழியாக இவ்வேலையைச் செய்கின்றன. மறுமுனையில் கிடைக்கும் நலிந்த குறிகையை 12ஏஎக்ஸ்7 குழாயின் ஒரு பாதி பெருக்குகிறது. 3.3 மெகா ஓம் மின்தடையத்தின் வழியே வரும் நேரடிக் குறிகை அதனுடன் கலக்கிறது.

பழைய பெருக்கியில் சேர்த்தல்

இவ்விரு குழாய்களின் சூடேற்றிகளும் 6.3 வோல்ட்டில் தலா 0.3 ஆம்பியர் எடுக்கும். மின்வழங்கி மின்மாற்றி இக்கூடுதல் சுமையைத் தாங்குமா என்பதை முதலில் அறிதல் வேண்டும். வில்பெட்டியின் வெளியீட்டு முனை அம்மின்மாற்றிக்கு அருகில் இருந்தால் இரைச்சல் புகும்.

மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் வடிகட்டு மின்தேக்கிகளில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். இது உயிரைப் பறிக்க வல்லது. தகுந்த மின்தடையம் வழியே மின்னிறக்கம் செய்து, அளவியால் சரிபார்த்த பின்னரே உள்ளே கை வைக்கவேண்டும்.

விளைவுக் கண்ணி

முன்பெருக்கியிலேயே உருக்குலைவு உண்டாக்கப்படும் பெருக்கிகளில், கித்தாருக்கு அடுத்து ரிவெர்பை இணைத்தால் முழக்கமும் சேர்ந்து உருக்குலைந்து தெளிவு கெடும். எனவே முன்பெருக்கிக்கும் திறன்பெருக்கிக்கும் இடையில் வெளிக்கருவிகளுக்கு வழிவிடப்படுகிறது. இதுவே எஃபெக்ட்ஸ் லூப். அங்குக் குறிகை பல வோல்ட் அளவில் இருப்பதால், குறைத்து அனுப்பி, திரும்பியதும் பெருக்கவேண்டும். எதிர்மின்வாய்ப் பின்பற்றி ஒன்றை இடையில் அமைத்தால் நீண்ட கம்பிவடங்களில் உயர் அதிர்வெண்கள் இழக்கப்படுவதில்லை. திறன்பெருக்கியிலேயே உருக்குலைவு நிகழும் பெருக்கிகளில் இக்கண்ணியால் பெரும்பயன் இல்லை.