சுக்கினியின் உறவு எது?

நாவிதன்வெளியில் மாணவர் ஒருவர், தம் குறிப்பேட்டில் ‘சுக்கினி – வெள்ளரி’ என எழுதி நம்மிடம் காட்டினார். தோற்றம் அவ்வாறு மயக்குவது உண்மையே. சொல்லோ வேறு உறவைக் காட்டுகிறது.

இத்தாலிய மொழியில் ‘சுக்கா’ என்பது பூசணி; சுக்கினி என்பது சிறு பூசணிகள். ஆங்கிலேயரோ பிரெஞ்சுச் சொல்லைத் தழுவிக் ‘கூர்ஜெட்’ என்பர். இவ்வினம் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, 1492ஆம் ஆண்டுக்குப் பின்னரே ஐரோப்பாவை அடைந்தது. புதிதாக வந்த காய்க்கு இத்தாலியர் தம் பழைய சுரையின் பெயரையே சூட்டினர். தமிழகத்தாரோ இவ்வினத்தின் முற்றிய காயைப் ‘பரங்கிக்காய்’ என்று, அது அயல்வரவு என்பதைப் பெயரிலேயே பொறித்தனர்.

பிஞ்சிலே பறித்துச் சமைக்கும் இக்காயை நாம் ‘சிறுபூசணி’ எனலாமே! உருவம் பார்த்துப் பொருள் எழுதினால், ஒருவர் பிழை பலர் பாடமாகிவிடும். மாணவர் ‘வெள்ளரி’யை அடித்துத் திருத்தினார், நாமும் மகிழ்ந்தோம்.