ஒளி விழும் பரப்புகள் - 7: கண்ணாடியில் நடமாடிய ஆவி

ப்ரொஜெக்டர் வீசும் ஒளி எதன்மீதாவது பட்டுச் சிதறினால்தான் படம் தெரியும். வெள்ளைச் சுவரும் துணித்திரையும் அந்த வேலையை எப்படிச் செய்கின்றன என்பது சென்ற வாரமே சொல்லப்பட்டது. தெளிந்த கண்ணாடியின் குணம் வேறு. நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 92 சதவீதத்தை அது மறுபக்கம் விட்டுவிடுகிறது. முன்பரப்பும் பின்பரப்பும் தலைக்கு 4 சதவீதமாகத் திருப்பி அனுப்புவது மொத்தம் 8 சதவீதம்தான். கண்ணாடியில் படம் காட்ட வழிகள் இரண்டு: அந்த 8 சதவீதத்தைக் கொண்டு சமாளிப்பது, அல்லது கண்ணாடியையே ஒளியைச் சிதறடிக்கும் திரையாக மாற்றுவது.

முதல் வழி எடிசனின் பல்புக்கும் மூத்தது. 1862 டிசம்பர் 24 அன்று லண்டன் ராயல் பாலிடெக்னிக் நிறுவனத்தில், சார்லஸ் டிக்கன்ஸின் 'தி ஹான்டட் மேன்' கதையிலிருந்து ஒரு காட்சி நடித்துக் காட்டப்பட்டது. மேடையில் ஓர் ஆவி தோன்றியது. அதன் உடலை ஊடுருவிப் பின்னாலிருந்த பொருள்கள் தெரிந்தன.

யோசனை ஹென்றி டர்க்ஸ் என்ற பொறியாளருடையது. ஆனால் 1858இல் அவர் முன்வைத்த அமைப்புக்கு அரங்கையே மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. பாலிடெக்னிக்கில் அறிவியல் விரிவுரைகள் நிகழ்த்திவந்த ஜான் ஹென்றி பெப்பர், பெரிய கண்ணாடி ஒன்றைப் பார்வையாளர் பக்கமாகச் சாய்த்து நிறுத்தி அந்தச் சிக்கலைத் தீர்த்தார். மேடைக்கு முன்னால், பார்வையாளர் கண்ணில் படாத பள்ளத்தில் ஆவி வேடக்காரர் இருந்தார். பள்ளம் முழுக்கக் கறுப்புத் துணி. அவர்மேல் மட்டும் கூசும் ஒளி. மேடையில் மங்கிய வெளிச்சம். இரவுப் பேருந்தின் சன்னலில் பயணியின் முகம் தெரிவதும் இதே கணக்குதான்: பின்னால் இருள் இருந்தால் 8 சதவீத ஒளியே போதும். 1863இல் இருவரும் சேர்ந்தே காப்புரிமை கோரினர். பெயர் மட்டும் 'பெப்பரின் ஆவி' என்றே நிலைத்தது. டர்க்ஸுக்கு உரிய இடம் இன்றும் கிடைக்கவில்லை.

பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால், பொருள் முன்னால் உள்ள அதே தூரத்தில் தோன்றும். ஆகவே பார்வையாளருக்கு நடிகரும் ஆவியும் அருகருகே நிற்பார்கள். மேடை நடிகருக்கோ ஆவி தெரியாது. குறித்து வைத்த இடத்தைப் பார்த்துத்தான் வாள் வீச வேண்டும். பிம்பத்தில் இடமும் வலமும் மாறிவிடும் என்பதால், பள்ளத்தில் இருப்பவர் வாளை இடக்கையில் பிடித்தால்தான் ஆவியின் வலக்கையில் அது தெரியும். கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1969இல் திறக்கப்பட்ட 'ஹான்டட் மேன்ஷன்' நடனக்கூடத்தில் இது கண்கூடு. அங்கே ஜோடி ஜோடியாகச் சுழலும் ஆவிகளில், ஆணை நடத்திச் செல்பவள் பெண். மரபான வால்ட்ஸ் நடனத்துக்கு இது நேர்மாறு. பிரதிபலிப்பின் சாட்சியாக அந்தத் தலைகீழ் நடனம் தொடர்கிறது.

கனமான கண்ணாடியின் இரு பரப்புகளும் தனித்தனியே பிரதிபலிப்பதால் பிம்பத்தின் விளிம்பு இரட்டையாகத் தெரியும். மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை விறைப்பாக இழுத்துக் கட்டியபோது அந்தக் குறை மறைந்தது. 1996இல் இறந்த ராப் பாடகர் டூபாக் ஷகூர் 2012 ஏப்ரலில் கோச்செல்லா விழா மேடையில் 'பாடியது' அப்படித்தான். அதே ஆண்டு குஜராத் தேர்தலில் நரேந்திர மோடி காந்திநகரில் பேச, அவர் உருவம் பல நகர மேடைகளில் ஒரே நேரத்தில் நின்றது. செய்திகள் இவற்றை ஹாலோகிராம் என்றன. அது தவறு; இரண்டும் பெப்பரின் ஆவியே. பள்ளத்து நடிகருக்குப் பதில் இங்கே வீடியோ; அதன் கறுப்புப் பின்னணி ஒளி தராததால், உருவம் மட்டும் மிதக்கிறது.

இரண்டாவது வழி கடை முகப்புகளுக்கு உரியது. கண்ணாடியின் உட்புறம் ஒளி சிதறும் ஃபிலிமை ஒட்டி, உள்ளிருந்து ப்ரொஜெக்டரால் படம் வீசினால் தெருவில் நிற்பவருக்குத் தெரியும். லென்ஸ் பார்வைக்கு நேராக இருந்தால் நடுவில் வெண்புள்ளி கண்ணைக் கூசவைக்கும். எனவே கருவியை உயரத்தில் சாய்வாகப் பொருத்துவார்கள். திரவப் படிகத் துளிகள் கலந்த ஃபிலிமும் உண்டு: மின்சாரம் பாய்ந்தால் தெளியும், நின்றால் பால்போல் வெளுத்துத் திரையாகும். நண்பகல் வெயிலில் எந்த ஃபிலிமும் திணறும்.

கருவி வாங்க நினைப்பவர் முதலில் கண்ணாடியையும் அதன் பின்னாலுள்ள வெளிச்சத்தையும் பார்க்கட்டும். விலை உயர்ந்த ப்ரொஜெக்டர் அவற்றின் குறையைத் தீர்க்காது.