மாதிரி விமானத்துக்கு உங்கள் பிரிண்டரிலேயே சின்னம்!

புதிதாகக் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கியவர்கள் பெரும்பாலும் கடிதமும் போட்டோவும் அச்சிடுவதோடு நின்றுவிடுகிறார்கள். அதே பிரிண்டரில் மாதிரி விமானத்தில் ஒட்டும் 'டீகால்' சின்னங்களையும் தயாரிக்கலாம்.

ஜவ்வாது மலையில், எங்கள் ஜமுனாமரத்தூரில், பள்ளிக் கண்காட்சிக்காக என் அண்ணன் மகன் தேஜஸ் விமானத்தின் மாதிரியைச் செய்தான். 2016-ல் பெங்களூரில் தேஜஸுடன் தொடங்கிய 45-வது ஸ்குவாட்ரன், 2018-ல் கோவை அருகே சூலூருக்கு வந்தது. 13.2 மீட்டர் நீளமுள்ள விமானம் 1/72 அளவில் சுமார் 183 மில்லிமீட்டர்தான். எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு டீகால் தாள். அது வீணானால் இன்னொன்று கூரியரில் வருவதற்குள் கண்காட்சியே முடிந்துவிடும்! எனவே ஒவ்வொரு படியையும் சோதித்துப் பார்த்த பிறகே செய்தோம்.

அச்சிடுவது எப்படி?

விமானப்படைச் சின்னத்தில் வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் அளவை மில்லிமீட்டருக்கு மாற்றி மூன்று வட்டங்கள் வரையுங்கள். பிரிண்ட் செய்யும்போது அளவு 100 சதவீதம் என்று இருக்கட்டும். தாளுக்கு ஏற்பப் பெரிதாக்கும் வசதியைத் தேர்வு செய்யாதீர்கள். முதலில் சாதாரணத் தாளில் அச்சிட்டு, வெட்டி, மாதிரியின் மேல் வைத்துப் பாருங்கள்.

வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்டால் வெள்ளை வளையத்தில் விமானத்தின் சாம்பல் நிறமே தெரியும். வெள்ளை டீகால் தாளில் அச்சிட்டு, காவி வட்டத்தின் ஓரத்தை ஒட்டி வெட்டுங்கள். இங்க்ஜெட் தாளை லேசர் பிரிண்டரில் போடவே கூடாது, சூட்டில் உருகிவிடும். இங்க்ஜெட் மை நீரில் கரையும் என்பதால், மை காய்ந்த பின் தெளிவான அக்ரிலிக் வார்னிஷை மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். மலைப்பகுதியில் பனிமூட்டம் இருந்தால் காய அதிக நேரம் பிடிக்கும்.

வளைவில் ஒட்டுவது எப்படி?

குழாய் போன்ற உடலில் தாள் எளிதாகச் சுற்றிக்கொள்ளும். மூக்குப் பகுதி பந்தைப் போல இரு திசையிலும் வளைந்தது. அங்கே தட்டையான படம் மடிந்தே தீரும்.

1. ஒட்டும் இடம் பளபளப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான பெயிண்டில் காற்று சிக்கி வெள்ளி போல மின்னும்.

2. டீகாலை 20 அல்லது 30 விநாடி நீரில் நனைத்து எடுத்து வையுங்கள். படம் தானாக நகரத் தொடங்கியதும் மாதிரியின் மேல் நகர்த்துங்கள்.

3. ஈரப் பஞ்சால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒற்றி நீரை வெளியேற்றுங்கள்.

4. டீகாலை இளக்கும் திரவத்தை பிரஷால் தடவுங்கள். படம் சுருங்கும், பயந்து தொடாதீர்கள். காயும்போது வளைவில் படிந்துவிடும். திரவத்தை முதலில் மிச்சத் துண்டில் சோதியுங்கள்.

5. மடிப்பு நீங்காவிட்டால் புது பிளேடால் ஓரத்தில் சிறிய வெட்டுப் போட்டு, வெட்டிய முனைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் படிய வையுங்கள். குமிழி இருந்தால் ஊசியால் குத்தி மீண்டும் திரவம் தடவுங்கள்.

மறுநாள் மேலே ஒரு பூச்சு வார்னிஷ் அடித்தால் வேலை முடிந்தது. தாளில் மீதியுள்ள இடத்தில் கூடுதலாக நான்கு சின்னங்களை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் சின்னம் கிழிந்தாலும் கவலையில்லாமல் அடுத்ததை எடுக்கலாம்!